சாவி கையில்தான் இருக்கிறது

சாவியை உருவி எடுத்துவிட்டேன்.
உள்ளங்கையில் கிடக்கிறது, பிடுங்கிய பல் மாதிரி.
வண்டி மட்டும் நிற்காமல் உறுமுகிறது
ஷ்கோதர் தேவாலய வாசலில்,
திரானேயின் பெட்டியை இறக்கும் நேரம் பார்த்து.
பாதிரியார் ஒரு வரி,
என் டீசல் ஒரு வரி.
கறுப்புப் பாவாடையை முழங்காலில் இடுக்கிக்கொண்டு
பானட்டைத் திறந்து
நிறுத்தும் நெம்பை நான் அழுத்திய பிறகுதான்
செத்தவளுக்கு அமைதி கிடைத்தது.

பாஷ்க் மெக்கானிக் தலையைக்கூட உள்ளே விடவில்லை.
"பம்ப் போச்சு. இருபத்தைந்தாயிரம் லெக்."
சொல்லிவிட்டு என் கழுத்துச் சங்கிலியைப் பார்த்தான்.
நாற்பது வருஷத்துப் பழைய பென்ஸ்.
அதில் ரொட்டி ஏற்றிப் பன்னிரண்டு கடைக்குப் போடுகிறேன்.
சங்கிலியைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால்
இந்த வண்டியில் கதவைப் பூட்டுவது கரண்ட் இல்லை.
மூச்சு.
இன்ஜின் காற்றை உறிஞ்சி
டப்பாவில் வெறுமையைச் சேர்த்து வைக்கிறது.
அந்த வெறுமைதான் பூட்டுக் குமிழை இழுக்கிறது,
அதே வெறுமைதான் இன்ஜினின் வாயையும் அடைக்கிறது.
ஒரு கதவில் ஒரு ரப்பர் கிழிந்தால் போதும்,
எங்கோ இடிக்கும், எங்கோ பெய்யும்.

ஞாயிற்றுக்கிழமை. அதிசயமாய் மழை இல்லை.
மாவுச் சாக்கை விரித்து உட்கார்ந்தேன்.
கைச்சாய்ப்புக்குள் ஒளிந்திருந்த திருகு,
கண்ணாடி சுற்றும் பிடி,
பிறகு பலகையை நெம்பினால்
கிளிப்புகள் பட் பட்டென்று உடைகின்றன,
ஒன்றுகூட முழுசாய் வரவில்லை.
படியில் உட்கார்ந்து
கிளெட்டோ சூரியகாந்தி விதை கொறிக்கிறார்.
"உடையுது" என்கிறார்.
கட்டிக்கொண்ட நாளிலிருந்து
கண்ணால் கண்டதைச் சொல்லத் தவறியதே இல்லை.

தார் ஒட்டிய பிளாஸ்டிக்கை உரித்தால்
மஞ்சள் குழாய்கள், ஈர்க்குச்சி கனம்,
ஒன்றில் பச்சைக் கோடு, ஒன்றில் சிவப்பு.
அளக்கக் கருவி இல்லை. வாய் இருக்கிறது.
முன்கதவுக் குழாயை உறிஞ்சி
நாக்கு நுனியால் அடைத்துப் பார்க்கிறேன்:
நாக்கைக் கவ்வுகிறது, விடவில்லை. நல்லது.
பின் இடது: கவ்வுகிறது.
பின் வலது:
உறிஞ்ச உறிஞ்ச வந்துகொண்டே இருக்கிறது
தூசியும் பழைய ரப்பருமாய்
ஒரு கசந்த காற்று.

பின் வலது லூக் உட்காரும் இடம்.
துரஸ் துறைமுகத்துக்குப் போன அன்று
கப்பலுக்கு நேரமாச்சு என்று
பூட்டியிருந்த குமிழை நகத்தால் பிடுங்கித் திறந்தான்.
அதில் கிழிந்ததா, தெரியாது.
ரப்பருக்கு வயசும் ஆச்சு.
பாரியிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் பேசுகிறான்,
வண்டி ஓடுதா என்று கேட்பான்.
ஓடுது, நிற்கத்தான் மாட்டேங்குது என்பேன்.
சிரிப்பான்.

புது ரப்பர் டிரிட்டனில் தேடிக்கொள்ளலாம்.
இப்போதைக்கு
அலமாரிக் கீலில் கழற்றிய இரண்டு சின்னத் திருகு,
ஒவ்வொரு குழாய் வாயிலும் ஒன்று.
பலகையை மீதி இருக்கும் கிளிப்பில் மாட்டினேன்.
கொஞ்சம் ஆடும்.
என் மூட்டும் ஆடுகிறது.

ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் ஓடவிட்டேன்.
சாவியைத் திருப்பினேன்.

நின்றது.
உதறல் இல்லை, முனகல் இல்லை.
ஏரிப்பக்கம் யாரோ படகில் அடித்துக்கொண்டிருந்த
ஆணிச் சத்தம்
அதுவரை எனக்குக் கேட்கவே இல்லை.

"நின்னுபோச்சு" என்றார் கிளெட்டோ,
விதைத் தொலியைத் துப்பிவிட்டு.

இறங்கி, என் கதவில் சாவியைப் போட்டுத் திருப்பினேன்.
டக், முன்னால். டக், பின்னால்.
டிக்கியில் ஒரு மெல்லிய ப்ச்.
வண்டியைச் சுற்றி நடந்துபோய்,
பின் வலது கதவைத் திறந்து,
காலி இருக்கையில் விழுந்திருந்த திருகாணியைப் பொறுக்கிக்கொண்டு,
அந்தக் குமிழை மட்டும்
கட்டை விரலால் அழுத்திச் சாத்தினேன்.